பிளாக் மார்பிள்: பளிங்கா, கோலியா?

இரவில் பூமி எப்படி இருக்கும் என்று காட்டும் அந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். கன்னங்கரேலென்று ஓர் உருண்டை, அதன் மேல் பொன்னைத் தூவியதுபோல நகர விளக்குகள். 2012 டிசம்பரில் நாசா இதை வெளியிட்டபோது வைத்த பெயர் 'பிளாக் மார்பிள்'. இதைக் 'கருப்புப் பளிங்கு' என்று தமிழாக்கினால் வீட்டுத் தரையில் பதிக்கிற கல்தான் கண்முன் வரும். பெயர் வைத்தவர்கள் நினைத்தது கல்லை அல்ல, கோலியை.

இந்தப் பெயருக்கு ஓர் அண்ணன் உண்டு. 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 விண்கலத்தில் நிலவுக்குக் கிளம்பிய மூவர், சுமார் 29,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பூமியைப் படம் எடுத்தார்கள். முழு வட்டமும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. நீலமும் வெள்ளையும் சுழித்துக் கிடந்த அந்தப் பூமி, பிள்ளைகள் விளையாடும் கண்ணாடிக் கோலி போலவே இருந்தது. அதனால் அது 'ப்ளூ மார்பிள்', நீலக் கோலி. நாற்பது ஆண்டு கழித்து இரவுப் படம் வந்ததும் நீலத்தை எடுத்துவிட்டுக் கருப்பைப் போட்டார்கள்.

சரி, கல்லுக்கும் கோலிக்கும் ஆங்கிலத்தில் எப்படி ஒரே சொல் வந்தது? பளபளக்கும் கல்லைக் குறித்த 'மார்மரோஸ்' என்ற கிரேக்கச் சொல் லத்தீன், பிரெஞ்சு வழியாக 'மார்பிள்' ஆனது. அந்தக் கல்லில் உருட்டிய விளையாட்டுக் குண்டுக்கும் அதுவே பெயர். பிறகு குண்டைக் கண்ணாடியில் செய்யத் தொடங்கினார்கள். கல் போய்விட்டது, பெயர் போகவில்லை.

நம் பக்கம் கதை தலைகீழ். 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்ற குறளில் வரும் பளிங்கு, தரைக்கல் இல்லை. பக்கத்தில் இருப்பதைத் தன்னுள் காட்டுகிற படிகம். வடமொழி 'ஸ்படிகம்' பிராகிருதம் வழியாகப் பளிங்கு ஆனது என்பார்கள். சலவைக்கல்லை இந்தப் பெயரால் அழைப்பது பின்னால் வந்த வழக்கம். பழைய பொருளில் பார்த்தால் பளிங்கு என்பதும் பொருந்தித்தான் போகும், ஆனால் இன்றைய காதுக்கு அது கல்தான். 'கோலி'யும் இந்தியிலிருந்து வந்ததே. இருந்தாலும் கோலிக்குண்டு, கோலி சோடா என்று புழங்கிய சொல்லைத் தள்ளி வைக்க எனக்கு மனமில்லை. ஈழத்தில் இதைப் போளை என்பார்கள். ஆகவே என் ஓட்டு 'கருங்கோலி'க்கு. அச்சில் ஒரு கொம்பு தவறி விழுந்து 'கருங்காலி' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்தச் சொல் குறிக்கும் பொருள். கருங்கோலி, ஒரே சொடுக்கில் எடுத்த படம் இல்லை. சுவோமி என்.பி.பி. என்ற செயற்கைக்கோள் சுமார் 824 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒவ்வோர் ஊரையும் உள்ளூர் நேரப்படி நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கில் கடக்கிறது. 2012 ஏப்ரலில் 9 நாள், அக்டோபரில் 13 நாள் எடுத்த படங்களில் மேகம் மறைக்காத துண்டுகளைப் பொறுக்கி ஒட்டுப்போட்டார்கள். அதற்கே 312 சுற்று தேவைப்பட்டது. செயற்கைக்கோளில் உள்ள கருவி பதிவுசெய்வது ஒன்றைத்தான்: தரையிலிருந்து மேலே வரும் ஒளி.

அதனால் கருப்பு எல்லாம் ஒரே கருப்பு அல்ல. சகாராவும் அமேசான் காடும் கருப்பாக இருப்பது அங்கே ஆள் குறைவு என்பதால். காங்கோ ஆற்றுப்படுகையில் கோடிக்கணக்கில் மக்கள் உண்டு, விளக்குதான் அரிது. வடகொரியாவின் கருப்பு இந்த இரண்டிலும் சேராது. 2014 ஜனவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படத்தில், சீனாவுக்கும் தென்கொரியாவுக்கும் நடுவே கடல் புகுந்ததுபோல அந்த நாடே காணாமல் போயிருக்கும். முப்பது லட்சம் பேர் வாழும் பியோங்யாங் ஒரு சின்னப் புள்ளி.

ஆனால் ஒரு காலத்தில் இருட்டு தெற்கில் இருந்தது. 1945-இல் கொரியா பிரிந்தபோது மின்நிலையங்களில் பெரும்பாலானவை வடக்கில்தான். யாலு ஆற்றில் ஜப்பானியர் கட்டிய சுப்புங் அணையும் அங்கேதான். 1948 மே 14 அன்று வடக்கு, தெற்குக்குப் போன மின்சாரத்தை நிறுத்தியது; தெற்கு தவித்துப்போனது. வடக்கின் சரிவு 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்து, மலிவு விலை எண்ணெய் நின்றதோடு தொடங்குகிறது. அப்புறம் 1995, 1996 வெள்ளத்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் தண்ணீர் புகுந்தது. தண்ணீரை இறைக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு நிலக்கரி வேண்டும். இந்தச் சிக்கலோடு பஞ்சமும் சேர்ந்துகொண்டது.

வெளிச்சத்தையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. 2012 கருங்கோலியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளில்லாத நிலத்தில் தெரியும் ஒளி ஊர் அல்ல, காட்டுத்தீ. ஜப்பான் கடலில் மின்னுவது கணவாய் பிடிக்கும் படகுகளின் விளக்கு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. செயற்கைக்கோளின் கருவி 500 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளியைத்தான் பார்க்கும், வெள்ளை எல்.இ.டி. விளக்கின் நீல ஒளி அதற்குத் தெரியாது. மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றி எல்.இ.டி. மாட்டிய நகரம், தெருவில் நடப்பவருக்குப் பளிச்சென்று இருந்தாலும் படத்தில் மங்கிப்போகலாம்.

'தீபாவளி இரவில் இந்தியா' என்று தீபாவளி தோறும் வாட்ஸாப்பில் சுற்றும் வண்ணப் படம் கருங்கோலியைச் சேர்ந்ததே இல்லை. அது அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்கள் பல ஆண்டுகளில் எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த படம். 1992-க்கு முன்பே இருந்த விளக்குகளுக்கு வெள்ளை, 1992-க்கு நீலம், 1998-க்குப் பச்சை. பட்டாசு என்று நாம் அனுப்பிவைக்கிற அந்தச் சிவப்பு, 2003-இல் புதிதாகத் தெரிந்த விளக்குகள்.