பேரா, கிளினிக்கா?

இலங்கை மலையகத்தில் ஒரு அரச வைத்தியசாலையின் மெடிக்கல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு: "தோட்டத்து ஆட்கள் ஒழுங்காக வரமாட்டார்கள், கிராமத்து ஆட்கள் திகதி தவறமாட்டார்கள்." தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழர், கிராமம் என்றால் சிங்களவர் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேச்சில் உண்மை இல்லாமலும் இல்லை. எங்கள் கிளினிக்கில் பிரசர், சீனி வருத்தக் கொப்பிகளில் விடுபட்ட மாதங்கள் தோட்டத்து விலாசங்களில்தான் அதிகம். அதற்கு இனத்தைக் காரணமாகச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

அதே தோட்டத்துத் தாய் பிள்ளைக்கு ஊசி போடும் நாளைத் தவறவிடுவதில்லையே! தடுப்பூசியில் நகரம், கிராமம், தோட்டம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. பிரசவமும் அநேகமாக எல்லாமே வைத்தியசாலையில்தான். மிட்வைஃப் மிஸ் தோட்டத்துக்கே வருகிறார், அதுதான் விஷயம். பிரசர் கிளினிக்குக்கு டவுனுக்கு வரவேண்டும். விடிய முன் தோட்டத்தில் தாங்கள் இருக்கும் பிரிவான டிவிசனிலிருந்து நடந்து, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, மருந்து வாங்கித் திரும்பும்போது பகல் தாண்டிவிடும். அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை. மரக்கறி போடுகிற கிராமத்துக்காரர் இன்று விட்ட வேலையை நாளைக்குச் செய்துகொள்வார். கொழுந்து எடுப்பவருக்கு விட்ட பேர் விட்டதுதான்.

இது நேற்று வந்த நிலைமையும் அல்ல. நாட்டில் அரச வைத்தியம் ஊர் ஊராகப் பரவிய காலத்திலும் தோட்டத்து வைத்தியம் நிர்வாகத்தின் பொறுப்பாகவே நீண்ட நாள் கிடந்தது. 1948 இல் பிரஜாவுரிமையும் போன சனத்துக்கு டிஸ்பென்சரியும் தோட்ட டொக்டரும்தான் வைத்தியம். அரச சேவை வந்து சேர்ந்த பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2016 ஆம் ஆண்டின் குடிசனவியல், சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டில் 17 சதவீதம், தோட்டங்களில் ஏறக்குறைய 32 சதவீதம். ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்ட பிள்ளைகள்தான் அவர்களில் பெரும்பாலானோர். வைத்தியசாலைக்கு வந்தால் மட்டும் தீராதவையும் இருக்கின்றன.

இப்போது தண்ணி மாத்திரைக்கு வருவோம். பிரசருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும், சிறுநீரைக் கூட்டும் மாத்திரை அது. காலையில் போடச் சொல்லி உறையில் எழுதிக் கொடுக்கிறோம். அடுத்த முறை பார்த்தால் மற்ற மாத்திரைகள் முடிந்திருக்கும், இது மட்டும் அப்படியே இருக்கும். "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை" என்று கொப்பியில் ஒரு வரி விழும். ஆறுதலாகக் கேட்டால்தான் கதை வெளியே வருகிறது: "மலையில எங்கங்க போறது டொக்டர்?" தேயிலை மலையில் கக்கூஸ் கிடையாது. பின்னால் கங்காணி, பக்கத்து நிரையில் ஆம்பிளைகள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் இவர்கள். மாத்திரையைப் போடுவார்களா? பலருக்கு அதை வேலை விட்டு வந்து பின்னேரம் போடும்படி மாற்றலாம். நீங்களாக மாற்ற வேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள். கேட்கவேண்டியது நாங்கள்தான் என்பது வேறு விஷயம்.

மொழி பற்றியும் ஒன்று. 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. இருந்தும் வார்ட்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாத நேரம் பேரப்பிள்ளைதான் மொழிபெயர்க்கிறான். வெள்ளைபடுதல், இரத்தப்போக்கு பற்றி எந்த அம்மாச்சி பேரன் வாயால் சொல்லவைப்பார்? "வயித்துவலி" என்று முடித்துவிடுவார், நாங்களும் வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்து அனுப்புவோம். இப்படியான விஷயமென்றால் கூட ஒரு பெண்ணை அழைத்து வாருங்கள், அல்லது தமிழ் தெரிந்த மிஸ் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கிளினிக் திகதி வேலைக்கு இடைஞ்சல் என்றால் திகதி போடும்போதே வாய் திறந்து சொல்லுங்கள், பல நேரம் மாற்றித் தருவோம். மாத்திரைகளை உறையோடு கொண்டுவாருங்கள். வெத்திலைப் பையில் எல்லாவற்றையும் கலந்து போட்டால் எங்களாலும் பிரிக்க முடியாது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல் என்றால் தோட்டத்து லொறி வரும்வரை இருக்காதீர்கள். 1990 க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த டிவிசன், மெயின் ரோட்டில் எங்கே திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லி, அந்தத் திருப்பத்தில் ஒரு ஆளை டோர்ச்சோடு நிறுத்துங்கள்.