பழைய காருக்கு வாரண்டி மறுக்கப்பட்டால்: மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்

"இது தேய்மானம் சார், வாரண்டியில் வராது." சர்வீஸ் சென்டரில் இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு, கடன் வாங்கி கியர்பாக்ஸ் மாற்றியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மறுப்புக் கடிதம் எங்கே என்று கேட்டால் பெரும்பாலானவர்களிடம் இருப்பதில்லை. வாயால் மறுப்பதில்தான் நிறுவனங்களுக்கு லாபம்.

தனியாகப் பணம் கட்டி வாங்கிய நீட்டிப்பு வாரண்டி ஒரு சேவை. நியாயமான காரணமின்றி அதை மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. சட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று அன்றைக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். தேய்மானம் என்றால் எந்த பாகம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது, யார் பார்த்துச் சொன்னது? ஜாப் கார்டின், அதாவது வண்டியில் பார்த்த பழுதையும் வேலையையும் குறித்துவைக்கும் தாளின், நகலை வாங்குங்கள். பிரித்த பாகங்களைப் படமெடுங்கள்; பழைய பாகத்தை விட்டுவிட்டு வராதீர்கள், பின்னால் சோதனைக்கு அனுப்ப அது ஒன்றுதான் மிஞ்சும். கார் இல்லாமல் பிழைப்பு நடக்காது என்றால் பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள், ஆனால் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு எடுங்கள்.

நம் பக்கத்து ஓட்டைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கிறதா, சர்வீஸ் ஒன்று தவறியதா, வெளியில் கேஸ் கிட் பொருத்தினீர்களா, முன் அனுமதி வாங்காமல் தெரிந்த மெக்கானிக்கிடம் எஞ்சினைத் திறந்தீர்களா? மறுப்பவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான். ஆனால் ஆயில் மாற்றத் தாமதித்ததற்கும் ஏ.சி. கம்ப்ரசர் பழுதானதற்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்க மறக்காதீர்கள்.

அடுத்து அலைக்கழிப்பு. விற்றவர் வாரண்டி நிறுவனத்தைக் கைகாட்டுவார். அது சர்வீஸ் சென்டரை. இணையத்தில் விற்ற தளமோ தான் வெறும் இடைத்தரகர் என்னும். மூன்று பேருக்கும் ஒரே நோட்டீஸை அனுப்பி, பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும் புகாரில் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். சில நேரம் வேலை நடக்கும். ஆனால் அது உத்தரவு போடும் இடமல்ல. நிறுவனம் அதே மறுப்பைத் திரும்ப அனுப்பினால் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுவதும் உண்டு. 'மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்' என்ற பதிலை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் கெடு. இப்படி மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டிருப்பதால் அது நீளாது.

வழக்கு எல்லாம் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில்தான் என்று வாரண்டி புத்தகத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். ஒரு கண்ணி உண்டு: ஒப்பந்தமே நியாயமற்றது என்று வழக்கை அமைத்தால் அது மாநில ஆணையத்துக்குப் போய்விடும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்றே எழுதுங்கள்.

மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது உங்களுக்கே தெரியும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. பதில் தராமல் வாய்தா மேல் வாய்தா கேட்டால், எழுந்து நின்று அதைச் சொல்லுங்கள்.