கழிவாற்றல்: சொல் விளக்கம்

ஒரு மாநிலத்தின் ஆற்றல் எங்கிருந்து கிளம்பி எந்த வேலைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை ஒரே படத்தில் காட்டுவார்கள். இடப்பக்கம் நிலக்கரி, எரிவாயு, பெட்ரோலியம், சூரிய ஒளி, காற்று. நடுவில் மின் உற்பத்தி. வலப்பக்கம் வீடு, வணிகம், தொழிற்சாலை, போக்குவரத்து. அளவுக்கேற்ற பருமனில் பட்டைகள் ஓடும். 1898இல் நீராவி இயந்திரத்துக்கு இப்படி வரைந்த கேப்டன் சாங்கியின் பெயரால் இது சாங்கி வரைபடம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் நாடு முழுமைக்கும், மாநிலவாரியாகவும் வெளியிட்டிருக்கிறது. எல்லாப் பட்டைகளும் கடைசியில் இரண்டு பெட்டிகளில் அடங்கும். நாட்டுப் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்ச் சேரும் பெட்டியின் பெயர் 'ரிஜெக்டட் எனர்ஜி': எந்த வேலைக்கும் ஆகாமல் வெளியேறும் ஆற்றல்.

இதைத் தமிழில் 'நிராகரிக்கப்பட்ட ஆற்றல்' என்று எழுதுகிறார்கள். கடலூரில் ஒரு பயிலரங்கின் கையேட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு மாணவி எழுந்து, "அந்தக் கரண்ட்டை யார் சார் வேண்டாம்னாங்க?" என்று கேட்டாள். அந்தச் சொல்லைப் படிக்கும் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும்.

ரிஜெக்ட் என்பதன் லத்தீன் வேர் 'திருப்பி எறி'. பொறியியலில் அது வெப்பத்தை வெளியே தள்ளுவதைக் குறிக்கும். நிராகரணம் என்பதற்கும் வடமொழியில் 'விரட்டுதல்' என்ற பொருள் உண்டுதான். ஆனால் தமிழில் நிராகரிப்பது என்றால் மனுவை நிராகரிப்பதும் கோரிக்கையை நிராகரிப்பதும்தான். ஒருவர் நீட்ட, இன்னொருவர் மறுக்க வேண்டும்.

நெய்வேலியில் நடப்பதைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி செலவாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். கொதிகலனின் நீராவி டர்பைனைச் சுழற்றிவிட்டு, அழுத்தம் இறங்கி வெளியே வரும். அதைக் குளிரவைத்துத் தண்ணீராக்கினால்தான் சுற்று மறுபடி ஓடும். அந்த வெப்பத்தைக் குளிர்நீர் வாங்கிக்கொண்டு குளிர்விப்புக் கோபுரத்தில் சாரலாக விழுந்து காற்றில் விடுகிறது. கோபுரத்து உச்சியில் வெள்ளையாக எழுவது புகையல்ல, நீராவி குளிர்ந்த நுண்துளிகள். இதில் யாரும் எதையும் மறுக்கவில்லை.

'வீணான ஆற்றல்' என்பவர்களும் உண்டு. வீண் என்றாலே யாரோ வீணடித்தார்கள் என்றாகிவிடும். வெப்பத்தை முழுக்க வேலையாக மாற்ற எந்த இயந்திரத்தாலும் ஆகாது. அது வெப்பவியல் விதி. 'ஆற்றல் இழப்பு' எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆற்றல் அழியாது என்று பாடம் நடத்திவிட்டு, இழந்துவிட்டோம் என்று எப்படி எழுதுவது?

நம்மிடம் 'கழி' இருக்கிறது. பொழுது கழிகிறது, கணக்கில் கழிக்கிறோம், கெடிலம் கடலில் சேருமிடம் கழிமுகம். இருந்தது வெளியேறிப் போகிறது. ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. 'கழியாற்றல்' என்று சேர்த்துப் பார்த்தேன். 'கழியாத ஆற்றல்' என்று நேரெதிராகக் காதில் விழுகிறது. ஆகவே கழிவாற்றல். வெப்பத்தை மட்டும் சொல்லும்போது கழிவெப்பம்.

கழிவு என்றால் சிலருக்குச் சாக்கடை நினைவு வருகிறதாம். கடலூர் கடைத்தெருவில் விலையில் கழிவு உண்டா என்று கேட்பவருக்குச் சாக்கடையா நினைவு வருகிறது? தவிர, கழிவு மறுபடி பயன்படக்கூடியது. சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து டர்பைனை ஓட்டி, வெளிவரும் நீராவியைக் கொண்டே சாற்றைக் காய்ச்சுகிறார்கள். மின் நிலையத்தில் கழிந்துபோவது அங்கே வேலை செய்கிறது. நிராகரித்துவிட்டதாகச் சொன்ன பிறகு அதை மீட்கலாம் என்ற எண்ணமே எழாது.

மற்ற பெட்டிக்கு 'எனர்ஜி சர்வீசஸ்' என்று பெயர். அதுவும் 'ஆற்றல் சேவைகள்' என்றே வருகிறது. ஏதோ பழுதுபார்க்கும் கடைப் பெயர்போல. அதன் பொருள் விளக்கு எரிந்தது, வண்டி ஓடியது, சோறு வெந்தது என்பதுதான். பயனாற்றல் என்றால் தீர்ந்தது. 'எண்ட் யூஸ்' என்பதற்கு எழுதும் 'இறுதிப் பயன்பாடு' என்பதும் 'கடைப்பயன்' (கடை என்றால் இங்கே கடைசி) என்று சுருங்கும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் படத்தின் பட்டை எங்கே போகிறது என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். லிவர்மோர் படத்தின் அடிக்குறிப்பில் போக்குவரத்தின் திறன், அதாவது கொடுத்த ஆற்றலில் பயனாகும் பங்கு, 21 சதவீதம் என்று மதிப்பிட்டிருப்பார்கள். மிச்சம் 79 ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் உராய்விலும் போகிறது. ஓட்டுநர் எதையும் நிராகரிக்கவில்லை.