பதிவேட்டை மூடிவைத்துவிட்டு ஒரு பேச்சு

துணை சுகாதார நிலையத்துக்கு மேலதிகாரி வந்தால் முதலில் பதிவேட்டைத்தான் கேட்பார். எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை தடுப்பூசி, இந்தக் கட்டம் ஏன் காலி? அதுவும் வேண்டியதுதான். மேற்பார்வையில் இன்னொரு வகையும் உண்டு. 1950களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் பொது மருத்துவர்களைக் கூட்டி உட்காரவைத்து, தங்களை உறுத்திக்கொண்டிருக்கும் நோயாளிகளைப் பற்றிப் பேசச் சொன்னார். அந்த வகை.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமச் செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். "ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்தா அந்தப் பொண்ணு சாப்பிடவே மாட்டேங்குதுக்கா, எவ்வளவு சொன்னாலும் கேக்கல" என்கிறார். மூத்த செவிலியர் புத்திமதி சொல்லவில்லை.

"நீ சொல்றப்ப வீட்ல யாரு இருந்தா?"

"மாமியார் வாசப்படியில நின்னாங்க."

"பொண்ணு என்ன சொன்னிச்சு?"

கொஞ்சம் யோசிக்கிறார். "அது வாயே திறக்கலக்கா. மாமியார்தான், மாத்திரை போட்டா வெளிக்குக் கறுப்பாப் போகுதுன்னாங்க."

சொல் பேச்சு கேட்காத பெண் அங்கே இல்லவே இல்லை. பயந்துபோன ஒரு மாமியார்தான் இருந்திருக்கிறார். இரும்புச் சத்து மாத்திரைக்குக் கறுப்பாகப் போவது இயல்பு என்று அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

வேலை அவசரத்தில் மனம் நடந்ததை ஒரு வரித் தீர்ப்பாகச் சுருக்கிக்கொள்கிறது. 'யார், எங்கே, என்ன சொன்னார்' என்று கேட்டால் அது மறுபடி காட்சியாக விரிகிறது, விட்டுப்போனதெல்லாம் அகப்படுகிறது. உறுத்துவதை வாய்விட்டுச் சொல்வதால் மனச்சுமையும் சற்று இறங்கும். கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் பரபரப்பு தணிந்ததை 2007-இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு ஸ்கேனில் பார்த்தது. டெல்டாவில் இந்தச் சுமை சின்னதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஊரைக் கவனிக்கப் போன செவிலியர்கள் பலரும் அதே ஊர்க்காரர்கள்தானே.

சரி, இதையே மேலதிகாரி கேட்டால் என்ன? நம் ஆபீஸ்களில் அது விசாரணையாகத்தான் காதில் விழும். அமெரிக்க மருத்துவமனைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கிலோ கூடுதலாக இருந்தன. அங்கே தவறை மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். பயம் இருக்கும் இடத்தில் பதிவேடு சுத்தமாக இருக்கும், அந்தப் பெண்ணுக்கு ரத்தசோகையும் அப்படியே இருக்கும்.

அதனால் கேட்பவர் சம்பள உயர்விலோ இடமாற்றத்திலோ கை வைக்காதவராக இருப்பது நல்லது. பக்கத்து வட்டாரத்து அக்கா ஒருவர் மாதம் ஒரு தடவை வந்து உட்கார்ந்தால் போதும்.