மகஜர்: ஊர் கூடி இடும் ஒப்பம்

வன்னியில் நடக்கும் கவனயீர்ப்புப் போராட்டச் செய்திகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: "இறுதியில் மாவட்டச் செயலகத்தில் மகஜர் கையளிக்கப்பட்டது." தமிழ்நாட்டு வாசகருக்கு இது குழப்பம் தரலாம். அங்கே மகசர் என்றால், பொலிஸார் கைப்பற்றிய பொருள்களைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்கும் பட்டியல். இங்கே அது ஊர் கூடி அதிகாரியிடம் நீட்டும் கோரிக்கைக் கடிதம். பொருள் வேறானாலும் சொல் ஒன்றுதான்.

வேர் அரபு மொழியில் இருக்கிறது. ஹளர என்றால் நேரில் வந்திருத்தல். நீதிமன்றத்தில் ஒருவர் 'ஆஜரானார்' என்கிறோமே, அந்த ஆஜரும் இதே வேரில் முளைத்ததுதான். இந்த வேரிலிருந்து வந்த மஹ்ளர் என்பது முன்னிலை, முன்னிலையில் இருந்தோர் உறுதிப்படுத்திய ஆவணம் என்ற இரு பொருளும் தரும். பாரசீகம் வழியாக இந்திய அரண்மனைகளுக்கு வந்தபோது மஹ்ஸர் ஆயிற்று. 1579 இல் அக்பருக்குச் சமய விடயங்களில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கொடுத்து உலமாக்கள் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள்) ஒப்பமிட்ட பத்திரத்துக்கும் இதுவே பெயர். தமிழ்நாடு அதன் சாட்சியை வைத்துக்கொண்டது. ஈழம் கூட்டத்தை வைத்துக்கொண்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? விண்ணப்பம் பழைய சொல், ஆழ்வார் பாடலிலேயே உண்டு. ஆனால் அது அருள் வேண்டுவது. இன்றைக்குப் படிவம் நிரப்புவதாகவும் சுருங்கிவிட்டது. மனு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது: ஆட்கொணர்வு மனு, அடிப்படை உரிமை மீறல் மனு. முறைப்பாடு பொலிஸ் நிலையத்தில் ஒருவர் கொடுப்பது. பெட்டிசம் பேச்சில் இன்னும் உயிரோடு இருந்தாலும், 'அவன் பெட்டிசம் போட்டிட்டான்' என்றால் பெயர் போடாமல் ஆளைக் கவிழ்க்க எழுதிய கடிதம் என்றுதான் ஊர் விளங்கிக்கொள்ளும். மகஜருக்கு நேர் எதிர்ச்சொல் என்றே அதைச் சொல்லலாம்.

பொருந்துவது முறையீடு. முறை என்றால் நீதி. முறையிடுதல் நீதியின் முன் வழக்கை வைப்பது. பாண்டியன் அவையில் சிலம்போடு நின்ற கண்ணகி செய்தது விண்ணப்பம் அல்ல, முறையீடு. கண்ணகிக்கு ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கல் பொங்கும் வற்றாப்பளைக்கு அருகே, கேப்பாப்புலவில், படையினர் பிடித்திருந்த சொந்தக் காணியை விடச் சொல்லி 2017 சனவரி 31 இல் மக்கள் வீதியில் குந்தினார்கள். அதற்குப் பெயர் தேடப்போனால் இந்தச் சொல்தான் கிடைக்கும். பலர் சேர்ந்து செய்வதால் 'கூட்டு முறையீடு' என்பது எங்கள் பரிந்துரை. மகஜரை விரட்ட வேண்டியதில்லை. அது ஊரில் வேரூன்றிவிட்டது.

சொல்லின் பொருளே தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது: யார் முன்னிலையில் நின்றார்கள் என்பது. வழக்கமாகச் சறுக்குவது அங்கேதான். கோரிக்கை ஒரு தாளில் இருக்கும், கையெழுத்துகள் தலைப்பில்லாத வெற்றுத் தாள்களில் இருக்கும். கம்பி கழன்றால் அவை எதற்கு இட்ட ஒப்பம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கையெழுத்துத் தாளின் தலையிலும் கோரிக்கையை இரண்டு வரியில் எழுதி, பக்க இலக்கமும் இட வேண்டும். ஒருவரே பத்துப் பேருக்கு ஒப்பமிட்ட தாள் ஒன்று போதும், மற்றத் தாள்களின் மதிப்பும் போய்விடும். எழுதத் தெரியாதவரிடம் பெருவிரல் அடையாளம் வாங்கி, பக்கத்தில் சாட்சி ஒப்பமிடுவது நல்லது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எல்லாத் தாளிலும் கேட்பது ஒரு கெட்ட பழக்கம். பிரதேச செயலகத்துக்குப் போகும் பிரதியில் அது தேவைப்படலாம். முகநூலில் ஏறும் பிரதியில் இருந்தால், விசாரிக்க வருவோருக்கு நாமே பட்டியல் தயாரித்துக் கொடுத்ததாகும்.

அடுத்த சறுக்கல் முகவரி. காணியைப் பிடித்திருப்பது வனவளத் திணைக்களமா, படைத்தரப்பா என்று பாராமல் எல்லாவற்றையும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கொடுத்தால், அது 'மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது' என்ற பதிலோடு நின்றுவிடும். ஒரு மகஜருக்கு ஒரு கோரிக்கை, அதை நிறைவேற்றும் அதிகாரம் உள்ளவரின் பெயரும் பதவியும், மற்றவர்களுக்குப் பிரதி. கடற்படை நிலைகொண்டதால் வெளியே இருந்த இரணைதீவு மக்களின் கோரிக்கை அப்படித் தெளிவானது: எங்கள் தீவில் குடியிருக்க விடுங்கள். 2017 மே 1 இல் தொடங்கிய அந்தப் போராட்டத்தில், தாள்கள் பதில் தராதபோது, 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் அவர்களே தீவுக்குப் போய் இறங்கினார்கள்.

மகஜர் சட்டத்தின் கடிகாரத்தை நிறுத்தாது. பலருக்கு இது தெரிவதில்லை. இலங்கை அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவுப்படி, அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆகவே மகஜரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்கும் போய், முறைப்பாட்டு இலக்கத்தைக் கையோடு வாங்கி வர வேண்டும்.

வெளிநாட்டுக்கு எழுதும்போது வடிவமே மாறும். 1961 இல் தொடங்கிய சர்வதேச மன்னிப்புச் சபை (அம்னெஸ்டி இன்டர்நஷனல்) ஒரே தாளில் ஆயிரம் ஒப்பத்தைவிட ஆயிரம் தனிக் கடிதங்களில் நம்பிக்கை வைத்தது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு குழுவும் மேற்கு, கிழக்கு, மூன்றாம் உலகு என்று, கருத்துக்காகச் சிறைப்பட்ட மூன்று கைதிகளுக்காக எழுதியது. சொந்த நாட்டுக் கைதிக்கு எழுதக்கூடாது என்பது விதி. (மன்னிப்பு என்ற மொழிபெயர்ப்பு எங்களுக்கு உவப்பில்லை, குற்றம் செய்யாதவருக்கு எதற்கு மன்னிப்பு?) 1980 இல் அமைந்த, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐ.நா செயற்குழுவோ மகஜரை வைத்து ஒரு கோப்பைத் திறக்காது. ஆளுக்கு ஆள் தனி விபரம் கேட்கும்: முழுப்பெயர், காணாமல் ஆக்கப்பட்ட திகதி, கடைசியாகக் கண்ட இடம், கொண்டுபோனதாக நம்பப்படுவோர், தேட எடுத்த முயற்சிகள். உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தம் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் இருந்த தாய்மார் 'காணாமல் போனோர்' என்று எழுத விடமாட்டார்கள், 'ஆக்கப்பட்டோர்' என்றே திருத்துவார்கள். போனவர் தானாகப் போனவர்; ஆக்கப்பட்டவரை ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார்.

கையளிக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியோடு இறப்பர் முத்திரை குத்தி வாங்க வேண்டும். தபாலென்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம், 'இன்ன திகதியில் கையளித்த மகஜர் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இலக்கம் என்ன?' என்று கேட்கலாம். 14 வேலை நாள்களுக்குள் அவர் முடிவைச் சொல்லியாக வேண்டும்.