பேய் சொன்னால் கேட்கிறோம், பிள்ளை சொன்னால்?

போன மாதம் கிளினிக்கில் ஒரு தாய் சொன்னார்: "டொக்டர், வியாழக்கிழமை நாடகத்தில வந்த பிள்ளை மாதிரியேதான் என்ர பிள்ளையும் கதைக்குது. அதே முழி, அதே குரல். அதைப் பாத்த பிறகுதான் எங்களுக்கு விளங்கினது."

எந்த நாடகம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் அம்மா அதைத்தான் பார்க்கிறார். பேயும் பொலிசும் சேர்ந்து கொலைகளைக் கண்டுபிடிக்கிற தொடர். அந்த வாரப் பகுதியை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கொன்று கிணற்றடியில் புதைக்கப்பட்ட ஒரு பெண், அயல் வீட்டுப் பிள்ளையின் உடம்பில் புகுகிறாள். குரல் மாறுகிறது. மந்திரவாதி வருகிறார், வேப்பிலை, புகை, அடி. அப்புறம் இன்ஸ்பெக்டர் வருகிறார். பேய் கொலைகாரனின் பெயரைச் சொல்கிறது, தோண்டினால் எலும்பு கிடைக்கிறது. பேய் அமைதியாகப் போய்விட, பிள்ளை கண்விழித்து "அம்மா, எனக்கு என்ன நடந்தது?" என்று கேட்கிறாள். நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் மனநல மருத்துவர். யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிறேன். பேய் இருக்கிறதா இல்லையா என்று வாதாட இதை எழுதவில்லை. அந்த வாதத்தில் நான் வென்றாலும் ஒரு நோயாளிகூடச் சுகப்படப் போவதில்லை. அந்தப் பகுதியைப் பார்த்த அன்றிலிருந்து ஒரு பிள்ளையின் ஞாபகம் திரும்பத் திரும்ப வருகிறது. அவளைப் பற்றி எழுத வேண்டும். ஊர், வயது, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இரண்டு மூன்று பேரின் கதையைச் சேர்த்திருக்கிறேன்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. வானில் ஐந்து பேர் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இடது மணிக்கட்டில் ஏழு கறுப்பு நூல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் கட்டியது. தலைமயிரில் கற்பூர வாசமும் செத்தல் மிளகாய் எரித்த நெடியும் சேர்ந்து வந்தன. கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்திருந்தன. கெண்டைக்காலில் பூவரசந்தடியின் அடையாளம், நாலு கோடு. "பிள்ளைக்கு அடிக்கேல்லை டொக்டர், அதுக்குத்தான் அடிச்சது" என்றார் பெரியம்மா. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் உண்மையாகவே நம்பினார். ஆனால் தழும்பு பிள்ளையின் காலில் இருந்தது.

அவள் தன்னைத் தன் சித்தி என்று சொன்னாள். அந்தச் சித்தியை அவள் கண்டதே இல்லை. 1995 போர் இடப்பெயர்வில், தென்மராட்சியில் இருந்தபோது காய்ச்சலில் இறந்தவர். கலியாணம் ஆகாதவர், படிப்பில் கெட்டிக்காரி. வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது. காரியங்கள் ஒழுங்காக நடக்கவில்லை என்ற மனக்குறை அந்த வீட்டில் இன்றும் இருக்கிறது. அந்த மனக்குறையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளை இவள்.

வோட்டில் நான் அவளிடம் "நீ யார்?" என்று கேட்கவில்லை. "தண்ணி குடிக்கிறியா பிள்ளை?" என்றுதான் கேட்டேன். குடித்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் பக்கத்தில் இருந்தேன். பிறகு அந்தக் கரகரத்த குரலில் தானாகவே சொன்னாள்: "இவளைக் கனடாவுக்கு அனுப்ப விடமாட்டன். இவள் படிக்கோணும்."

மூன்றாம் நாள் தன் சொந்தக் குரலில் கதைக்கத் தொடங்கினாள். மாப்பிள்ளை பார்த்தாயிற்று, படம் மாற்றியாயிற்று. உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எடுக்க வேண்டும் என்று தாயிடம் இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். தகப்பனிடம் ஒரு தரம் சொன்னதற்கு "வாயை மூடு" என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு கிழமை சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் மயக்கம். அதற்கும் பிறகுதான் சித்தி வந்தார். சித்தி வந்ததும் வீடு முழுக்க எழுந்து நின்றது. தகப்பனே கைகூப்பி "என்ன வேணும், சொல்லு" என்று கேட்டாராம். அந்த வீட்டில் அவளிடம் யாராவது இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாடகத்திலும் இதேதான் நடந்தது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அந்த அயல் வீட்டுப் பிள்ளை "எனக்குப் பயமாக் கிடக்கு, தனிய விடாதேங்கோ" என்று தாயிடம் சொல்கிறாள். தாய் "போய்ப் படு" என்கிறாள். பேய் புகுந்த பிறகு அவள் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் ஊரே வந்து கேட்கிறது.

"அப்ப அவள் நடிச்சவளா?" என்று அவளுடைய மாமா கேட்டார். இல்லை. பேய் என்பதும் நடிப்பு என்பதும் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பதைத்தான் எங்கள் சனங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. சைக்கிளில் வேலை முடிந்து வருகிறீர்கள். மனம் வேறெங்கோ. வீட்டுப் படலையில் வந்து இறங்கும்போது, இடையில் எந்தச் சந்தியைக் கடந்தோம் என்றே ஞாபகம் இல்லை. மனம் ஒரு பக்கமும் உடம்பு இன்னொரு பக்கமும் வேலை செய்ய முடியும். தாங்க முடியாத நெருக்கடியில் இந்தப் பிரிவு ஆழமாகிவிடுகிறது. வாயால் சொல்ல முடியாததை இன்னொரு ஆளாக நின்று மனம் சொல்லிவிடுகிறது. அவள் அதைத் திட்டமிடவில்லை, பாதி ஞாபகமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது ஒரு தனி நோய்நிலையாகவே இருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், வேறோர் ஆளோ ஆவியோ தன்னை ஆட்கொண்டதாக உணர்கிற நிலையைத் தெளிவாக விவரித்திருக்கிறார்கள்.

அதே பதிப்பு இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வருவதை நோய் என்று எழுதக்கூடாது. ஆகவே கோயில் பொங்கலில் உடுக்குச் சத்தம் கேட்டு உரு வந்து ஆடுகிற அம்மா என் நோயாளி இல்லை. பொங்கல் முடிந்ததும் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவார். கேட்காமலே வந்து, நிறுத்த முடியாமல், ஆளை உருக்குலைக்கிறதே, அதற்குத்தான் வைத்தியம்.

இனி மந்திரவாதியின் கேள்விகளுக்கு வருகிறேன். இதைக் கவனமாக வாசியுங்கள். "நீ ஆர்? எங்கயிருந்து வந்தனி? ஆணா, பொம்பிளையா? ஆர் உன்னை ஏவினது?" நித்திரையில்லாமல், சாப்பாடில்லாமல், புகையில் மூச்சு முட்ட இருக்கிற ஒரு பிள்ளையிடம் இதையே விடிய விடியக் கேட்டால் ஏதோவொரு பதில் வரத்தான் செய்யும். பதில் சொன்னால் அடி நிற்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. முதலில் பெயரில்லாமல் இருந்ததற்குப் பெயர் வருகிறது, பிறகு ஊர், பிறகு ஏவியவர். பேயைக் கேள்விகளே உருவாக்கிவிடுகின்றன. நான் சொன்ன அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான். "வடக்கு வேலிப் பக்கம்" என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். வடக்கு வேலிக்கு அங்கால் இருக்கிறவர் கணவனை இழந்த ஒரு பெண். ஏற்கனவே எல்லைச் சண்டை வேறு. அந்த மனுசி செய்வினை செய்தவர் என்று கதை பரவி, அவர் வீட்டுக் கிணற்றில் குப்பை கொட்டப்பட்டது. நாடகத்தில் பேய் சொன்ன இடத்தில் எலும்பு கிடைக்கும், ஏனென்றால் எலும்பையும் கதை எழுதியவரேதான் வைத்தார். வேலிக்கு அங்கால் இருக்கிறவருக்கு அப்படி ஒரு கதாசிரியர் இல்லை. அந்த நிலையில் ஒரு நோயாளி சொல்கிற பெயரை வைத்து யார் வீட்டுப் படலையையும் தட்டாதீர்கள்.

எல்லாப் "பேயும்" மனநெருக்கடி இல்லை. இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான பயம். பயிற்சிக் காலத்தில் ஒரு இளம் பெண்ணைப் பார்த்தேன். முதலில் தலையிடி, காய்ச்சல். பிறகு நித்திரையில்லை, சந்தேகம், யாரோ கூப்பிடுகிறார்கள் என்ற பேச்சு. பிறகு வாய் தானாக மெல்லுவது போல் அசைய, கை கால் விறைத்துப்போனது. பதினெட்டு நாட்கள் நாலு இடத்தில் பார்வை பார்த்துவிட்டு, வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அது மூளை அழற்சி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளைக் கலங்கள் செய்தி வாங்குகிற என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பிகளைத் தாக்குகிற நோய். 2007இல்தான் ஜோசப் டல்மாவ் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் அதை விவரித்தார்கள். இளம் பெண்களில் பல நேரம் சூலகத்தில் இருக்கும் ஒரு கட்டியே இதைத் தொடக்கிவிடும். கட்டியை எடுத்து, மருந்தும் கொடுத்தால் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். தொடங்குவதில் பிந்தினால் பாதிப்பு கூடும். அவள் தேறினாள். ஆனால் மாதக்கணக்கு எடுத்தது. அந்தப் பதினெட்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வருவது இன்னொன்று. ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், தாய்க்குத் திடீரென்று நித்திரை போய், பேச்சு மாறி, குழந்தையே தன்னுடையது இல்லை என்று சொல்லத் தொடங்குவார். பழைய ஆட்கள் கொத்திப் பேய் என்பார்கள். இது அவசர நோய், ஒரு இரவுகூடப் பொறுக்கக்கூடாது. தாயையும் பிள்ளையையும் தனியே விடவும் கூடாது. மூளையின் பக்கமடலில் வருகிற சில வலிப்புகளில் விழுந்து வெட்டாது. இல்லாத மணம் மணக்கும், காரணமில்லாமல் பயம் பிடிக்கும், ஆள் வெறித்துப் பார்ப்பார், பிறகு ஞாபகமே இருக்காது. இரவில் நெஞ்சில் ஏறி அமுக்குகிறது, கண் திறந்திருக்கிறது, கத்த முடியவில்லை என்று வருகிறவர்களுக்கு மட்டும் நான் முதல் நாளே ஆறுதல் சொல்லிவிடுவேன். கனவு காண்கிற நித்திரையில் தசைகள் தளர்ந்து கிடக்கும்போது மனம் முந்தி விழித்துக்கொண்டால் வருவது அது. ஒழுங்காக நித்திரை கொண்டால் அநேகமாகக் குறைந்துவிடும்.

அடிப்பதையும் பட்டினி போடுவதையும் பற்றி எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. 2021இல் தெல்கொடையில் ஒன்பது வயதுச் சிறுமி பேயோட்டும் சடங்கில் பிரம்படி பட்டு இறந்தாள். தாயும் சடங்கு செய்த பெண்ணும் கைதானார்கள். பிள்ளையைக் கொல்லவென்று அந்தத் தாய் அங்கே போயிருக்க மாட்டார். படித்த நாடுகளில் இது நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் சொந்தங்கள் எத்தனையோ பேர் வாழ்கிற ஜெர்மனியில், 1976 ஜூலை 1ஆம் திகதி அனெலீசே மிஷெல் என்ற இருபத்துமூன்று வயது மாணவி இறந்தாள். ஏற்கனவே வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்தவள். பத்து மாதங்களில் 67 தடவை பேயோட்டினார்கள். சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் எலும்பும் தோலுமாகத்தான் உயிர் போனது. 1978இல் பெற்றோரையும் இரண்டு பாதிரிமாரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்த்தது.

அப்போ கோயிலுக்குப் போகக்கூடாதா? போங்கள். சந்நிதி முருகனின் மடத்தில் தங்கி விரதம் இருக்க வேண்டும் என்று கேட்கிற குடும்பங்களுக்கு நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. அங்கே யாரும் அடிப்பதில்லை, அன்னதானம் இருக்கிறது, பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். குளிசையையும் கையோடு கொண்டுபோங்கள், கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லுவேன். நூல் கட்டுங்கள், திருநீறு போடுங்கள். எனக்கு அதில் பிரச்சினை இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குவதன் காரணமும் எனக்குத் தெரியும். மனநோய்க்கு வைத்தியம் செய்கிற அங்கொடை, மந்திகை என்று ஊர்ப் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். "பேய் பிடிச்சது" என்றால் பேய் போன பிறகு பிள்ளைக்குக் கலியாணம் பேசலாம், "மனநோய்" என்றால் பேச முடியாது என்று ஒரு தகப்பன் என்னிடம் நேராகவே சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் நினைப்பது போல வந்தவுடன் "கரண்ட்" பிடிப்பதில்லை. முதல் நாள் கேள்வி கேட்போம், உடம்பைச் சோதிப்போம், இரத்தம் எடுப்போம், தேவையென்றால் மூளையின் மின்னலையைப் பதிகிற ஈ.ஈ.ஜி.யும் ஸ்கானும் செய்வோம். அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கும் முதலில் அதையெல்லாம் செய்து பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் வீட்டாரைக் கூப்பிட்டுக் கதைத்தேன்.

காய்ச்சல், வலிப்பு, விறைப்பு, பேறு முடிந்த சில நாட்கள், தன்னையோ பிறரையோ காயப்படுத்துவது, இரண்டு நாளாகச் சாப்பாடு தண்ணீர் இல்லை. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, தமிழிலும் கதைக்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை யாராவது அடித்தாலோ வேறு விதமாகத் துன்புறுத்தினாலோ 1929. பிள்ளைக்குள் இருந்து வருகிற குரல் ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கோ ஆளிடமோ போகமாட்டேன் என்று சொன்னால், அதைப் பேயின் அடம் என்று தள்ளாமல் எங்களிடம் சொல்லுங்கள். பிள்ளையைத் தனியே வைத்து நாங்கள் மெதுவாகக் கேட்போம்.

அவளுடைய தகப்பனோடு மூன்று தரம் கதைக்க வேண்டியிருந்தது. முதல் தரம் எழும்பிப் போய்விட்டார். மூன்றாம் தரம், மனைவியின் இறந்த தங்கச்சியைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார். வைத்தியம் கிடைத்திருந்தால் அவள் செத்திருக்க மாட்டாள் என்றார். மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வருசம் பொறுக்கச் சொன்னார்கள், அவர்கள் பொறுக்கவில்லை. சித்தி அதற்குப் பிறகு இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் இருந்தார்கள்.

போன கிளினிக்குக்கு அவள் தனியாக பஸ்ஸில் வந்தாள். பையில் ரியூசன் கொப்பிகள். மணிக்கட்டில் ஒரேயொரு கறுப்பு நூல் மிச்சம் இருந்தது. அப்பம்மா கட்டியதாம், அறுக்க மனம் வரவில்லையாம். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை எழுதிக் கொடுத்தேன்.