கிளியா என்ற சொல்லும் அதில் ஒட்டிய பசையும்

மூளையைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு சொல்லில் வந்து என் கை நின்றுவிடும்: கிளியா. நியூரானை நரம்பு செல் என்று எழுதிவிடலாம், யாருக்கும் புரியும். அதைச் சுற்றியும் அதன் இடைவெளிகளிலும் இருக்கும் இந்த இன்னொரு வகைச் செல்களை என்னவென்று சொல்வது? கிளியா என்றே ஒலிபெயர்த்து எழுதலாம். நரம்புப் பசை என்று மொழிபெயர்க்கலாம். தாங்கு செல் என்று வேலையைச் சொல்லிப் பெயரிடலாம். மூன்றிலும் எனக்குக் குறை தெரிகிறது. அது ஏன் என்று சொல்ல, சொல் பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரை வைத்தவர் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ. 1856-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில் நியூரோகிளியா என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1858-இல் பெர்லினில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அதை இன்னும் விரித்துப் பேசினார். கிரேக்கத்தில் கிளியா என்றால் பசை. லத்தீன் வழி வந்த குளூட்டன் என்ற சொல்லும் இதே குடும்பம்தான், அதற்கும் பசை என்றே பொருள். ஃபிர்கோ தம் மொழியில் தந்த விளக்கம் நெர்வன்கிட். கிட் என்பது கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கவும் இடுக்குகளை அடைக்கவும் பயன்படும் கலவை. ஆகவே அவர் மனத்தில் இருந்த படத்துக்குத் தமிழில் பசையைவிடச் சாந்து என்ற சொல் நெருக்கமாகப் பொருந்தும். செங்கற்களுக்கு நடுவே பூசப்படுகிறதே, அது.

இந்தப் படம் அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. உடலின் மற்ற உறுப்புகளில் இணைப்புத் திசு இருக்கிறது, மூளையிலும் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். மூளைக்குள் இருக்கும் அறைகளின் உட்சுவரை ஆராய்ந்தபோது அதைக் கண்டதாகவே நினைத்தார். அதற்குள் செல்கள் இருப்பதையும் அவர் குறிப்பிட்டார். ஆனால் பெயர் விழுந்தது செல்லின் மேல் அல்ல, இட்டு நிரப்பும் ஒரு பொருளின் மேல்.

நியூரோ என்ற முன்பாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழுக்கு இங்கே ஓர் அழகான ஒற்றுமை இருக்கிறது. கிரேக்க நியூரான் முதலில் தசைநாரையும் வில்லின் நாணையும் குறித்தது. பிறகுதான் உடலுக்குள் ஓடும் நரம்புக்கு வந்தது. நம் நரம்பும் பழைய இலக்கியத்தில் யாழின் தந்தி. இலையில் ஓடுவதும் நரம்பு, கையில் புடைத்துத் தெரிவதும் பேச்சு வழக்கில் நரம்பு. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே முறுக்கிக் கட்டிய நாரிலிருந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால் நரம்பு செல் என்ற பெயர் மொழிபெயர்ப்பு போலவே ஒலிப்பதில்லை. கிளியாவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

செல்களுக்குச் சாயம் ஏற்றி உருவத்தைப் பார்க்கும் முறைகள் வந்தபின், பசை என்று நினைத்தது ஒரே பொருள் அல்ல என்று தெரிந்தது. நட்சத்திரம்போல் எல்லாப் பக்கமும் கிளை நீட்டிய செல்லுக்கு 1890-களில் ஆஸ்ட்ரோசைட் என்ற பெயர் வந்தது. ஆஸ்ட்ரான் என்றால் கிரேக்கத்தில் விண்மீன். ஸ்பெயினைச் சேர்ந்த பீயோ தெல் ரியோ ஒர்தேகா 1919-இல் மைக்ரோகிளியாவைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். சில கிளைகள் மட்டுமே உடைய இன்னொரு வகைக்கு ஒலிகோடெண்ட்ரோகிளியா என்று பெயரிட்டவரும் அவரே. நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறையைச் சுற்றுவது இந்த வகை. உருவத்தை வைத்து இத்தனை பெயர்கள் வந்தும், குடும்பப் பெயராகப் பசையே நீடித்தது.

பெயர் மட்டும் நீடித்திருந்தால் பரவாயில்லை. எண்ணமும் கூடவே நீடித்தது. நரம்பு செல்தான் மூளை, மற்றதெல்லாம் அதை நிறுத்திவைக்கும் கட்டடச் சாரம் என்று நெடுங்காலம் பாடம் நடந்தது. ஒரு நரம்பு செல்லுக்குப் பத்து கிளியா செல்கள் என்ற கணக்கும் எண்ணிப் பார்க்காமலே புத்தகத்துக்குப் புத்தகம் போய்க்கொண்டிருந்தது. 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் முறையாக எண்ணியபோது, மனித மூளையில் நரம்பு செல்கள் சுமார் 8,600 கோடி, நரம்பு செல் அல்லாதவை எல்லாம் சேர்த்தே சுமார் 8,500 கோடி என்று வந்தது. ஏறக்குறையச் சரிபாதி.

இந்த எண்ணத்தை மாற்றுவதற்காகவே தம் ஆய்வு வாழ்க்கையைச் செலவிட்டவர் என்று நான் மதிப்பவர் பென் பாரெஸ். 1954-இல் அமெரிக்காவில் பிறந்தார். மருத்துவம் படித்து நரம்பியல் மருத்துவராகப் பயிற்சி பெற்றார். நோயுற்ற மூளைத் திசுவில் நரம்பு செல்கள் அழிந்த இடங்களில் கிளியாவும் மாறிக் கிடப்பதைப் பார்த்தார். இது வெறும் பசை என்றால் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கேள்வி அவரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. ஹார்வர்டில் முனைவர் பட்டம், லண்டனில் மார்ட்டின் ராஃபின் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள், 1993 முதல் ஸ்டான்ஃபோர்டில் சொந்த ஆய்வுக்கூடம். அவர் ஒரு திருநம்பி. 1997-இல்தான் பென் என்ற பெயரில் வாழத் தொடங்கினார்.

அவருடைய பெரிய பலம், செல் வகைகளைக் கலப்பில்லாமல் பிரித்தெடுத்து வளர்ப்பது. எலியின் விழித்திரையிலிருந்து ஒரே வகை நரம்பு செல்களைப் பிரித்து, கிளியாவே இல்லாமல் வளர்த்துப் பார்த்தார். செல்கள் உயிரோடு இருந்தன, இழைகளையும் நீட்டின. ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை என்றே சொல்லலாம். இணைப்புகள், அதாவது சினாப்ஸ்கள், மிகக் குறைவாகவே உருவாயின. ஆஸ்ட்ரோசைட்டுகளைச் சேர்த்ததும் நிலைமை மாறியது. 2001-இல் அவர் குழு வெளியிட்ட முடிவின்படி, இணைப்புகளின் எண்ணிக்கை ஏழு மடங்கு ஏறியது. நரம்பு செல்கள் அதே செல்கள்தான், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டுமே மாறியிருந்தது.

அப்புறம் கேள்வி, ஆஸ்ட்ரோசைட் எதைக் கொடுத்து இதைச் செய்கிறது என்பது. அது சுரக்கும் திராம்போஸ்பாண்டின் என்ற புரதங்களுக்கு இதில் பங்கு உண்டு என்று 2005-இல் அதே குழு காட்டியது. 2007-இல் இன்னொரு பக்கம் திறந்தது. வளரும் மூளையில் தேவைக்கு மேல் உருவான இணைப்புகள் கழிக்கப்படும்போது, ஆஸ்ட்ரோசைட்டின் தூண்டுதலால் நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த புரதங்கள் அந்த வேலையில் சேர்கின்றன என்று கண்டார்கள். கட்டுவதிலும் கிளியாவுக்குப் பங்கு, கழிப்பதிலும் பங்கு. ஒவ்வொரு செல் வகையிலும் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று பட்டியலிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி அவர்கள் பொதுவில் வைத்ததும் சிறிய காரியம் இல்லை. 2017 டிசம்பரில் கணையப் புற்றுநோயால் அவர் மறைந்தார். அதே ஆண்டிலும் அவர் குழுவின் முக்கியமான கட்டுரை ஒன்று வந்தது. தூண்டப்பட்ட மைக்ரோகிளியா ஆஸ்ட்ரோசைட்டின் இயல்பை மாற்றி, அதை நரம்பு செல்லைக் கொல்லும் செல்லாகவே ஆக்கிவிடக்கூடும் என்று சொன்ன கட்டுரை. அதைப் படித்தபின் பசை என்ற சொல்லை எழுத எனக்கு மனம் வருவதில்லை.

மரபணு ஆய்விலிருந்து வந்த ஒரு சான்றையும் விட்டுவிட முடியாது. பழ ஈயில் ஒரு மரபணுவுக்கு, கிளியா செல்களைக் காணோம் என்ற பொருளில் 1995-இல் பெயர் வைத்தார்கள். அது பழுதானால் கிளியாவாக வேண்டிய செல்கள் நரம்பு செல்களாகிவிடுகின்றன. நரம்பு செல்லாக வேண்டியதில் அதை இயங்கவிட்டால் கிளியா ஆகிவிடுகிறது. ஒரே தாய் செல்லிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்பது மரபணுவின் முடிவு. முதுகெலும்புள்ள விலங்குகளில் இந்த மரபணு இதே வேலையைச் செய்வதில்லை. ஆனால் அங்கே இன்னும் வியப்பான ஒன்று நடக்கிறது. கரு மூளையில் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் நீண்டு நிற்கும் கிளியா செல்கள் உண்டு. புதிய நரம்பு செல்கள் அவற்றைப் பற்றி ஏறித் தம் இடத்துக்குப் போகின்றன என்று பாஸ்கோ ராக்கிச் 1972-இல் விளக்கினார். ஏறிப்போகும் நரம்பு செல்களைப் பெறுவதும் அதே ஆரக்கால் செல்கள்தான் என்பது 2000, 2001 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளில் தெளிவானது. பசை என்று பெயர் பெற்றது தாயாக இருந்திருக்கிறது.

சரி, இனி தமிழுக்கு வருவோம். நரம்புப் பசை என்று மொழிபெயர்த்தால் ஃபிர்கோவின் தவறான கணிப்பையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறோம். மற்ற மொழிகளுக்குக் கிளியா பழகிப்போன வழக்கு, கிரேக்கப் பொருள் அங்கே பலருக்குத் தெரியாது. தமிழில் பசை என்றால் குழந்தைக்கும் பொருள் தெரியும், அதனால் தவறு நம்மிடம் இன்னும் அழுத்தமாகவே பதியும். தாங்கு செல் என்பதும் அதே கட்டடச் சாரத்தைத்தான் நினைவூட்டுகிறது. கிளியா என்று ஒலிபெயர்ப்பதில் தவறில்லை, ஆய்வுக் கட்டுரைக்கு அது போதும். ஆனால் வேற்றுமை உருபு சேரும்போது வாக்கியம் தடுமாறுகிறது, முதல்முறை படிப்பவருக்கு எந்தப் பொருளும் கிடைப்பதில்லை.

நான் எழுதுவது நரம்புத் துணைச்செல். துணை என்பது வேலையைச் சொல்லாமல் உறவைச் சொல்லும் சொல். பழந்தமிழில் இணை, சோடி என்ற பொருளும் அதற்கு உண்டு, வாழ்க்கைத்துணை என்பதில் அது இன்றும் வாழ்கிறது. துணைவேந்தர், துணை ஆணையர் என்று அடுத்த படியில் இருப்பவரையும் குறிக்கிறதே என்று கேட்கலாம். அந்த நிழல் விழும் என்பது உண்மை. பசையின் நிழலைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு தடையும் இருக்கிறது. தாவரவியல் பாடத்தில் துணைச்செல் என்ற சொல் ஏற்கெனவே உண்டு. உணவைக் கடத்தும் சல்லடைக் குழாயை ஒட்டி இருக்கும் செல் அது. முதிர்ந்த சல்லடைக் குழாய்ச் செல்லில் உட்கரு இருக்காது, பக்கத்தில் இருக்கும் துணைச்செல்தான் அதை இயங்க வைக்கிறது. குழப்பம் வராமலிருக்க நரம்பு என்ற முன்னொட்டை விடாமல் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பழைய ஆட்சியே என் தேர்வுக்குப் பலம் சேர்ப்பதாகவும் நினைக்கிறேன். ஒன்றில்லாமல் மற்றது செயல்படாது என்ற உறவுக்குத் தமிழ் அறிவியல் முன்பே இந்தச் சொல்லை எடுத்து ஆண்டிருக்கிறது.

வகைப் பெயர்களும் இதிலிருந்து எளிதாகக் கிளைக்கின்றன. ஆஸ்ட்ரோசைட் விண்மீன் துணைச்செல். உடு என்ற பழஞ்சொல் சுருக்கமானதுதான், ஆனால் இன்று படிப்பவருக்கு அது உடுப்பையே நினைவூட்டும். ஒலிகோடெண்ட்ரோசைட்டுக்குச் சில்கிளைத் துணைச்செல். கரு மூளையில் இருப்பது ஆரத் துணைச்செல். மைக்ரோகிளியாவை நுண் துணைச்செல் என்பேன். அது மற்றவற்றோடு பிறந்ததே இல்லை. கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறித் தங்கிவிடும் செல் அது. பிறப்பு வேறு என்றாலும், நரம்பு செல்லின் பக்கத்திலேயே இருந்து வாழ்நாள் முழுக்க அதைக் கவனிப்பதால் துணை என்ற பெயர் அதற்கும் சரியாகவே பொருந்துகிறது.